கொலை வழக்கில் தண்டனைக்குப் பின்: விடுதலை கேட்பதா, குற்றத்தின் தரத்தைக் குறைக்கக் கேட்பதா?

கொலை வழக்கில் அமர்வு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்துவிட்டால், உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் 60 நாட்கள் தருகிறது. மரண தண்டனையாக இருந்தால் 30 நாட்கள். தண்டிக்கப்பட்டவரின் குடும்பத்தார் பெரும்பாலும் இந்தக் கெடுவை நினைத்துத்தான் பதறுகிறார்கள். ஆனால், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் அதை மன்னிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. தீர்ப்பின் நகலும் தண்டனை பெற்றவருக்கு உடனடியாக, கட்டணமின்றிக் கொடுக்கப்பட வேண்டும். அந்த 60 நாட்களுக்குள் உண்மையில் தெளிவு காண வேண்டிய கேள்வி, எதைக் கேட்டு மேல்முறையீடு செய்வது என்பதுதான். "குற்றம் ஐயமற நிரூபிக்கப்படவில்லை, விடுதலை செய்யுங்கள்" என்பதா? "இறப்பு நேர்ந்தது உண்மை, ஆனால் அது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் மட்டுமே, தண்டனையைக் குறையுங்கள்" என்பதா? அல்லது "விசாரணையே முறையாக நடக்கவில்லை, புதிய சாட்சியத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்பதா?

மூன்றையும் ஒரே மனுவில் எழுதுவதற்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. பெரும்பாலான மனுக்களில் அப்படித்தான் எழுதப்பட்டும் இருக்கின்றன. ஆனால் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வின் முன் வழக்கு இறுதி விசாரணைக்கு வரும்போது, வழக்குக் கட்டின் (ஆவணத் தொகுப்பின்) எந்தப் பக்கத்தை முதலில் திறந்து காட்டுவது என்பதில் ஒரு முடிவு இருந்தாக வேண்டும். அந்த முடிவைப் பற்றியதே இக்கட்டுரை. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த சம்பவத்துக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-ஆம் பிரிவும், அன்றோ அதற்குப் பின்னோ நடந்ததற்கு அச்சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவும் பொருந்தும். மேல்முறையீட்டு உரிமை பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 374-ஆம் பிரிவில் இருந்தது. அதற்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 415-ஆம் பிரிவுக்குப் போயிருக்கிறது. இங்கே பேசப்படும் விஷயங்களைப் பொறுத்தவரை எண்கள் மாறிய அளவுக்கு உள்ளடக்கம் மாறிவிடவில்லை.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். உயர் நீதிமன்றத்தில் நடக்கும் இந்த முதல் மேல்முறையீடுதான், சாட்சியத்தை வரி வரியாகப் படித்து மறுமதிப்பீடு செய்யும்படி உரிமையோடு கேட்கக்கூடிய கடைசி இடம். உச்ச நீதிமன்றத்துக்கு அரசமைப்பின் 136-ஆவது உறுப்பின்படி சிறப்பு அனுமதி கேட்டுத்தான் போக முடியும். கீழே உள்ள இரு நீதிமன்றங்களும் ஒரே முடிவுக்கு வந்திருந்தால் சாட்சியத்துக்குள் மீண்டும் இறங்க அந்த நீதிமன்றம் பொதுவாகத் தயங்கும். விடுதலையை உயர் நீதிமன்றமே ரத்து செய்து ஆயுள் அல்லது மரண தண்டனை விதித்தது போன்ற சில வழக்குகளில் மட்டும் அங்கே உரிமையாகவே மேல்முறையீடு உண்டு. ஆகவே, "இப்போதைக்குத் தண்டனையைக் குறைக்கக் கேட்போம், நிரபராதி என்பதை டெல்லியில் பார்த்துக்கொள்வோம்" என்று சிலர் போடும் கணக்கு தலைகீழானது.

ஒரே வழக்கில் இந்த வழிகள் எப்படிப் பிரிகின்றன என்பதற்கு உடுமலைப்பேட்டை சங்கர் கொலை வழக்கைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அண்மைக்காலத்தில் இல்லை. 2016 மார்ச் 13 அன்று பேருந்து நிலையப் பகுதியில், பட்டப்பகலில், கண்காணிப்புக் கேமராவின் பார்வையிலேயே தாக்குதல் நடந்தது. உடன் வெட்டப்பட்ட மனைவி உயிர் பிழைத்துச் சாட்சி சொன்னார். திருப்பூர் அமர்வு நீதிமன்றம் 2017 டிசம்பரில் அந்தப் பெண்ணின் தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், நேரடியாகத் தாக்கிய ஐந்து பேரின் மரண தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 25 ஆண்டுகளுக்குத் தண்டனைக் கழிவும் கிடையாது என்றும் உத்தரவிடப்பட்டது. தந்தை முற்றிலும் விடுதலையானார், ஏனெனில் ஆள் வைத்துக் கொலை செய்யச் சதி செய்தார் என்ற குற்றச்சாட்டுக்கு உரிய சாட்சியம் போதவில்லை என்று நீதிமன்றம் கண்டது. அந்தத் தீர்ப்பு சமூகத்தில் எழுப்பிய கொந்தளிப்பு வேறு விஷயம். மேல்முறையீட்டுக் கோணத்தில் பார்த்தால், களத்தில் நின்றவர்களுக்கு எதிராகக் கேமராவும் காயம்பட்ட சாட்சியும் இருந்தன; களத்தில் இல்லாதவருக்கு எதிராக இருந்தவை அனைத்தும் ஊகத்தால் இணைக்க வேண்டிய சூழ்நிலைகள். "சாட்சியம் போதாது" என்ற வாதம் வழக்கு முழுவதற்கும் உரியதாக இருப்பது அரிது. அது ஒவ்வொரு எதிரிக்கும் (குற்றம் சாட்டப்பட்டவருக்கும்) தனித்தனியாக அளந்து பார்க்கப்பட வேண்டியது. பல எதிரிகள் உள்ள வழக்கில் எல்லோருக்கும் ஒரே வழக்கறிஞர் ஒரே வாதத்தை வைப்பது செலவைக் குறைக்கும் என்பது உண்மைதான், ஆனால் விடுதலைக்கு வாய்ப்புள்ள ஒருவரை அது மற்றவர்களோடு சேர்த்துக் கட்டிப்போட்டுவிடும்.

இனி, விடுதலை கேட்கும் வழியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இதில் இரண்டு வகை வழக்குகள் உண்டு, இரண்டுக்கும் அளவுகோல் வேறு. நேரில் கண்ட சாட்சி இல்லாமல் சூழ்நிலைச் சாட்சியத்தை மட்டும் நம்பி நிற்கும் வழக்குக்கு 1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த ஐந்து விதிகள் இன்றும் அடித்தளமாக உள்ளன. ஒவ்வொரு சூழ்நிலையும் முழுமையாக நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும்; அவை குற்றம் என்ற ஒரே முடிவுக்கு இசைய வேண்டும்; உறுதியான தன்மை கொண்டிருக்க வேண்டும்; வேறு எந்த நியாயமான விளக்கத்துக்கும் இடம் தரக் கூடாது; எல்லாம் சேர்ந்து அறுபடாத சங்கிலியாக இருக்க வேண்டும். "செய்திருக்கலாம்" என்பதற்கும் "செய்தே இருக்க வேண்டும்" என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை அந்தத் தீர்ப்பு அழுத்தமாகச் சொல்கிறது. விசாரணையின் முடிவில் எதிரியிடம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313-ஆம் பிரிவின்கீழ் (இப்போது 351) கேட்கப்படாத ஒரு சூழ்நிலையை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் அதே தீர்ப்பு எடுத்துரைக்கிறது. அதனால், கேள்வி-பதில் தாளைத் தீர்ப்புடன் ஒப்பிட்டுப் படிப்பது பலன் தரும் வேலை. கீழமை நீதிபதி பெரிதாக நம்பிய ஒரு சூழ்நிலை அந்தத் தாளில் இடம்பெறாமலே போயிருப்பது உண்டு.

தமிழ்நாட்டுச் சூழ்நிலைச் சாட்சிய வழக்குகளின் கட்டைப் புரட்டுபவருக்கு ஒரு காட்சி பழகிப்போன ஒன்று. எதிரி ஏதோ ஒரு பேருந்து நிறுத்தத்தில் கைது செய்யப்படுவார். கிராம நிர்வாக அலுவலரும் தலையாரியும் உடன் இருப்பார்கள். அவர்கள் முன்னிலையில் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்து, போலீசாரை அழைத்துச் சென்று, முட்புதரிலிருந்து அரிவாளை எடுத்துக் கொடுப்பார். பொருள் கைப்பற்றியதைப் பதிவு செய்யும் மகஜரில் அந்த இருவருமே கையெழுத்திடுவார்கள். போலீசாரிடம் கொடுத்த ஒப்புதலில், ஒரு பொருளைக் கண்டெடுக்க வழிசெய்த பகுதி மட்டுமே சான்றாகும். 1947-இல் புலுக்குரி கோட்டையா வழக்கில், ஆங்கிலேயர் ஆட்சியில் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் சொன்னபடி, அதனால் நிரூபணமாவது அந்தப் பொருள் அங்கே இருந்தது எதிரிக்குத் தெரியும் என்பதுதான். அதைக் கொண்டு அவர்தான் வெட்டினார் என்பது தானாக நிரூபணமாகிவிடாது. அந்த அரிவாள் இந்தக் கொலையில் பயன்பட்டது என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் "மனித ரத்தம், வகை கண்டறிய இயலவில்லை" என்று இருந்தால், சங்கிலியில் அந்தக் கண்ணி மிகவும் மெலிந்தது. பொருள் கைப்பற்றிய தேதிக்கும் படிவம் 95 வழியாக அது நடுவர் நீதிமன்றத்தை அடைந்த தேதிக்கும் இடையே விளக்கமில்லாத இடைவெளி இருந்தால், அது மேலும் மெலியும். விடுதலைக்கான வாதம் உருவாவது இப்படிப்பட்ட சிறு தாள்களில்தான். தீர்ப்பின் மொழியைக் குறை சொல்வதில் அல்ல.

கண்ட சாட்சி உள்ள வழக்கில் நிலைமை வேறு. இங்கே குடும்பத்தார் மிகவும் நம்பும் வாதங்கள் பலவும் நீதிமன்றத்தில் எடுபடாதவை. சாட்சிகள் எல்லோரும் இறந்தவரின் உறவினர்கள் என்பது அவற்றில் முதன்மையானது. உறவினர் உண்மைக் குற்றவாளியை விட்டுவிட்டு அப்பாவியைச் சிக்கவைக்க மாட்டார் என்ற கருத்தை 1953-இலேயே தலிப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஒரே ஒரு சாட்சிதான் இருக்கிறார் என்பதும் போதாது. 1957-இல் வடிவேலு தேவர் எதிர் சென்னை மாநிலம் என்ற வழக்கில், இறந்தவரின் மனைவி ஒருவரின் சாட்சியத்தை மட்டும் ஏற்றுத் தண்டனை உறுதி செய்யப்பட்டது. சாட்சிகளை முழுதும் நம்பத்தக்கவர், முழுதும் நம்பத்தகாதவர், இரண்டுக்கும் இடைப்பட்டவர் என மூவகையாகப் பிரித்த அந்தத் தீர்ப்பு, மூன்றாம் வகைக்கு மட்டுமே வேறு சான்றின் ஆதரவு தேவை என்றது. மகஜர் சாட்சி பிறழ்சாட்சியாக மாறியது, புலனாய்வு அதிகாரி ஒரு வரைபடத்தில் மின்கம்பத்தைக் காட்டத் தவறியது போன்றவை தனித்து நின்றால் விடுதலை தராது. ஒரு பகுதி பொய் என்றால் முழுச் சாட்சியமும் பொய் என்ற விதி இந்திய நீதிமன்றங்களில் செல்லுபடியாவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் எது எடுபடும்? நேரம் எடுபடும். புகார் கொடுத்ததாகச் சொல்லப்படும் நேரம், முதல் தகவல் அறிக்கை பதிவான நேரம், அது நீதித்துறை நடுவரின் கைக்குப் போய்ச் சேர்ந்த நேரம் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து எழுதிப் பார்க்க வேண்டும். கடைசி நேரத்தை நடுவர் தம் கைப்பட அறிக்கையின் மேற்புறத்தில் குறித்துக் கையெழுத்திட்டிருப்பார். காலை ஏழு மணிக்குப் பதிவானதாகச் சொல்லப்படும் அறிக்கை, பக்கத்துத் தெருவில் உள்ள நீதிமன்றத்தை இரவு வரை எட்டவில்லை என்றால், இடைப்பட்ட நேரத்தில் யார் யாரைச் சாட்சியாக்குவது, யார் யார் பெயரைச் சேர்ப்பது என்ற ஆலோசனை நடந்திருக்குமோ என்ற ஐயத்துக்கு அரசுத் தரப்பு பதில் சொல்ல வேண்டும். துலியா காளி எதிர் தமிழ்நாடு மாநிலம் என்ற 1972-ஆம் ஆண்டு வழக்கில், காவல் நிலையம் இரண்டு மைல் தொலைவில் இருந்தும் புகார் 20 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகக் கொடுக்கப்பட்டது. நேரில் கண்டதாகச் சொன்னவரின் சாட்சியத்தை நம்ப மறுத்து, மரண தண்டனையை நீக்கி விடுதலை அளித்தது உச்ச நீதிமன்றம். தாமதம் மட்டுமே காரணமாகச் சொல்லப்படுவதைவிட, தாமதம் எந்தப் பொய்க்கு வழிவிட்டது என்று சுட்டிக்காட்டும் வாதம் வலுவானது. பிரேதப் பரிசோதனை அறிக்கையும் அதேபோல. சாட்சி சொல்லும் ஆயுதத்தால் அந்தக் காயம் உண்டாக முடியாது என்று மருத்துவர் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டிருந்தால், அந்த ஒரு வரி பத்து முரண்பாடுகளுக்குச் சமம்.

குறைந்த குற்றம் என்ற இரண்டாவது வழிக்கு வருவோம். கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கான இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஆம் பிரிவு இரு பகுதிகளாக உள்ளது. மரணத்தை விளைவிக்கும் எண்ணம் இருந்து, ஆனால் சட்டம் சொல்லும் விதிவிலக்கு ஒன்றில் அடங்கினால் முதல் பகுதி. அதற்கு ஆயுள் அல்லது 10 ஆண்டு வரை தண்டனை. மரணம் நேரக்கூடும் என்ற அறிவு மட்டுமே இருந்தால் இரண்டாம் பகுதி. அதற்கு உச்ச அளவு 10 ஆண்டு. புதிய சட்டத்தின் 105-ஆம் பிரிவில் முதல் பகுதிக்குக் குறைந்தபட்சம் 5 ஆண்டு என்ற வரம்பு சேர்ந்திருக்கிறது. கொலைக்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஆயுள் என்பதால், இந்த மாற்றத்தின் நடைமுறைப் பலன் பெரியது. விசாரணைக் காலத்தில் சிறையிலிருந்த நாட்களும் கழிக்கப்படும். ஏற்கெனவே ஆறேழு ஆண்டுகள் உள்ளே இருந்துவிட்ட ஒருவருக்கு 304-இன் இரண்டாம் பகுதிக்கு மாறினால், தீர்ப்பு வந்த வாரமே வீடு திரும்பும் வாய்ப்பு உண்டு.

எந்த வழக்குக்கு இது பொருந்தும்? கைகலப்பு திடீரென்று மூண்டதா, ஆயுதம் கையோடு கொண்டுவரப்பட்டதா அல்லது அங்கே கிடந்ததா, அடி உடலின் எந்தப் பகுதியில் எத்தனை முறை விழுந்தது, அடித்தபின் என்ன நடந்தது என்பவற்றை வைத்து எண்ணத்தை எடைபோட வேண்டும் என்று 2006-இல் புலிச்செர்லா நாகராஜு வழக்கில் உச்ச நீதிமன்றம் பட்டியலிட்டுள்ளது. வரப்புத் தகராறில் கையிலிருந்த மண்வெட்டியால் ஒரே அடி என்பது இதற்கு இயல்பாக இடம் தரும் வழக்கு; காத்திருந்து வழிமறித்து வெட்டியது ஒருபோதும் இடம் தராது. ஒரே அடி என்றால் கொலையல்ல என்ற நம்பிக்கை தவறு. 1958-இன் விர்சா சிங் வழக்கில் ஒரே ஈட்டிக் குத்துதான். வேண்டுமென்றே ஏற்படுத்தப்பட்ட அந்தக் காயமே இயல்பாக மரணத்துக்குப் போதுமானது என்பதால் கொலை உறுதியானது.

சென்னை உயர் நீதிமன்றம் இந்த இடத்தில் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருக்கிறது. கடுமையான திடீர் கோபமூட்டலை மட்டுமே சட்டம் விதிவிலக்காகச் சொல்ல, நாள்பட்ட கொடுமையால் மனத்தில் சேர்ந்து வந்து ஒரு கட்டத்தில் வெடிக்கும் தொடர் கோபமூட்டலையும் அதற்குள் கொண்டுவர முடியும் என்று அது 1989-இல் தீர்ப்பளித்தது. பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கு அது. அந்த மனநிலைக்கு நீதிபதி நல்லதங்காளின் பெயரையே சூட்டினார். 2022-இல் தவ்ராம் நிர்மல்கர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதே போக்கில், தொடர்ந்து குடித்துவிட்டு வந்து துன்புறுத்திய சகோதரனைக் கொன்றவரின் குற்றத்தை 304-இன் முதல் பகுதிக்குக் குறைத்தது. வீட்டுக்குள் நடந்த கொலைகளில், குறிப்பாகத் தண்டிக்கப்பட்டவர் பெண்ணாக இருக்கும் வழக்குகளில், விடுதலை வாதத்தைவிட இந்த வாதம் வலுவாக நிற்பது பல நேரங்களில் உண்டு. நான்கு சுவருக்குள் நடந்ததற்கு உள்ளே இருந்தவர்தான் விளக்கம் தர வேண்டும் என்ற சாட்சியச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு (இப்போது 109) அங்கே அரசுத் தரப்பின் கையில் இருக்கிறது என்பது அதற்குக் காரணம். ஆனால் அந்தப் பிரிவு அரசுத் தரப்பின் அடிப்படைச் சுமையை இறக்கிவைத்துவிடாது என்று 1956-லேயே சம்பு நாத் மெஹ்ரா வழக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. இரவில் அவர் அந்த வீட்டில்தான் இருந்தார் என்பதையே அரசுத் தரப்பு நிரூபிக்காத வழக்கில் விடுதலை வாதத்தைக் கைவிடக் கூடாது.

இரண்டு வாதங்களையும் சேர்த்து வைத்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்காதா என்ற கேள்வி எப்போதும் எழும். "நான் அந்த இடத்திலேயே இல்லை" என்று 313 விசாரணையில் சொன்னவருக்காக, "திடீர்ச் சண்டையில் நடந்துவிட்டது" என்று வாதிடுவது காதுக்கு உறுத்தலாகத்தான் இருக்கும். சட்டப்படி அதில் தவறில்லை, ஏனெனில் அரசுத் தரப்புச் சாட்சியமே ஒரு விதிவிலக்கைக் காட்டிக்கொடுத்தால், எதிரி அதைக் கோராவிட்டாலும் அதன் பலனை நீதிமன்றம் அவருக்குத் தரலாம். ஆனாலும் என் கருத்து இது: கண்ட சாட்சியில் உண்மையான ஓட்டை இருக்கும் வழக்கில், 304 பற்றிய வாதத்தைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டக் கூடாது, காயம்பட்ட சாட்சி உறுதியாக நிற்கும் வழக்கில், சாட்சியின் நம்பகத்தன்மையைத் தாக்குவதில் அரை நாளைச் செலவிட்டபின் மன்றாடிக் கேட்கப்படும் 304-க்கு அதன் எடை கிடைக்காது. எதை முதலில் வைப்பது என்பதை வழக்கறிஞர் குடும்பத்தாரிடம் கட்டைக் காட்டி விளக்க வேண்டும். குடும்பத்தாரும், "அவன் செய்யவே இல்லை என்று சொல்லுங்கள்" என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

புதிய சாட்சியம் கேட்கும் மூன்றாவது வழி, பார்வைக்கு எளிதாகத் தோன்றி நடைமுறையில் குறுகிப்போவது. மேல்முறையீட்டு நீதிமன்றம் கூடுதல் சாட்சியம் பெறலாம் என்பது உண்மை (பழைய 391, புதிய 432). ஆனால் உரிய அக்கறை எடுத்தும் விசாரணையில் அதைக் கொண்டுவர முடியவில்லை என்று காட்ட வேண்டும் என 2024-இல் அஜித்சிங் சேஹூஜி ராத்தோட் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. முன்பிருந்த வழக்கறிஞர் சரியாகக் குறுக்கு விசாரணை செய்யவில்லை என்ற மனக்குறை தனித்து நின்று இந்தக் கதவைத் திறப்பது அபூர்வம். மறுவிசாரணைக்கு அனுப்பும் அதிகாரமும் உண்டு. ஆனால் அரசுத் தரப்பின் சாட்சியம் குறையுள்ளதாக இருக்கும் வழக்கில் எதிரியே மறுவிசாரணை கேட்பது, அந்தக் குறையைச் சரிசெய்துகொள்ள எதிர்த்தரப்புக்கு அவகாசம் வாங்கிக் கொடுப்பதாகும். விசாரணை முறையில் உண்மையாகவே அநீதி நடந்திருந்தால் அதை விடுதலை வாதத்துக்குத் துணையாகப் பயன்படுத்துவதே மேல். சென்னைப் புறநகரில் 2017-இல் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் விதித்த மரண தண்டனையை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுதலை அளித்தபோது, எதிரிக்கு முறையாகத் தற்காத்துக்கொள்ளும் வாய்ப்பு கிடைக்காததைக் குறிப்பிட்டது. ஆனால் முடிவு சாட்சியத்தின் மீதுதான் அமைந்தது: கடைசியாகச் சேர்ந்து பார்த்தது, கண்காணிப்புக் கேமரா, ஒப்புதல் வழிக் கண்டெடுப்பு, அறிவியல் அறிக்கை எதுவும் ஐயமற நிரூபிக்கப்படவில்லை என்று அது கண்டது. இரண்டு நீதிமன்றங்கள் ஒத்த முடிவு சொன்னபின்னும் கிடைத்த அரிதான விடுதலை அது.

இவற்றோடு இணைந்த இன்னொரு முடிவு, மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் மனுவை எப்போது போடுவது என்பது. கொலைத் தண்டனையில் இது வழக்கமாகக் கிடைக்கும் நிவாரணம் அல்ல. அரசு வழக்கறிஞருக்கு எழுத்துப்பூர்வமாக எதிர்ப்புத் தெரிவிக்க வாய்ப்புத் தர வேண்டும். மேலோட்டமாகப் பார்த்த அளவிலேயே புலப்படும் குறை ஒன்று தீர்ப்பில் இருக்க வேண்டும், அந்தக் கட்டத்தில் சாட்சியத்தை ஆழமாக அலசக் கூடாது என்பது 2023-இன் ஓம்பிரகாஷ் சாஹ்னி வழக்கில் சொல்லப்பட்ட அளவுகோல். ஆகவே விடுதலை வாதம் இரண்டு மூன்று பத்திகளில் சொல்லக்கூடியதாக இருந்தால் உடனே போடலாம். நூறு பக்கச் சாட்சியத்தை ஒப்பிட்டுத்தான் காட்ட முடியும் என்றால், அவசரப்பட்டு ஒரு தள்ளுபடி உத்தரவை வாங்கி வைப்பதைவிட, வழக்கு ஆவணங்களின் தட்டச்சுத் தொகுப்பை விரைவில் தயார் செய்து இறுதி விசாரணையை முன்கூட்டி நடத்தக் கேட்பது பயனுள்ளது. ஆண்டுகள் ஓடியும் மேல்முறையீடு எடுக்கப்படாவிட்டால், 1977-இன் காஷ்மீரா சிங் வழக்கைச் சுட்டி அந்தத் தாமதத்தையே காரணமாக வைத்து மீண்டும் கேட்க முடியும்.

சொந்த வழக்கறிஞரா, சட்ட உதவியா என்பதில் குடும்பத்தார் தேவைக்கு மேல் அஞ்சுகிறார்கள். காவலில் இருப்பவர் எவரும் வருமான வரம்பின்றி 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச சட்ட உதவிக்கு உரியவர். சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மேல்முறையீட்டை அனுப்பலாம். ஆயுள் அல்லது மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்கில் நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞருக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும் என்று 2019-இல் அனோகிலால் வழக்கில் வழிகாட்டப்பட்டது. வழக்கறிஞர் வரவில்லை என்பதற்காக மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ய முடியாது, தகுதியின் பேரில்தான் தீர்க்க வேண்டும் என்பது 1996 முதல் உறுதியான சட்டம். நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுவதற்குமுன், கிடைக்கும் வழக்கறிஞர் கட்டு முழுவதையும் படிக்கிறாரா என்பதைப் பார்ப்பது மேல்.

மேல்முறையீட்டில் பணத்தைப் போடாமல், தண்டனைக் காலம் முடியுமுன்பே அரசு விடுவிக்கும் முன்விடுதலைக்குக் காத்திருக்கலாம் என்ற யோசனையும் சிலர் சொல்வது உண்டு. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவர் 14 ஆண்டுகள் உண்மையில் சிறையில் இருந்தால்தான் சட்டப்படியான அந்தப் பேச்சே தொடங்கும். அதன்பின்னும் அது அரசின் முடிவுக்கு உட்பட்டது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1999 மேயில் உச்ச நீதிமன்றம் சாட்சியத்தை மதிப்பிட்டு, 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. மீதமிருந்த ஏழு பேர் கருணை, தண்டனைக் குறைப்பு, அமைச்சரவைப் பரிந்துரை என்று எல்லா வழிகளையும் கடந்து வெளியே வர 2022 ஆயிற்று.

மேல்முறையீடு செய்வதால் தண்டனை கூடிவிடுமோ என்ற அச்சம் பொதுவாகத் தேவையற்றது. எதிரியின் மேல்முறையீட்டில் நீதிமன்றம் தண்டனையை உயர்த்த முடியாது. அதற்கு அரசு போன்ற எதிர்த்தரப்பு தனியாக மேல்முறையீடு செய்ய வேண்டும். அரசுப் பணியில் இருந்தவர்கள் மட்டும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சாட்சிகள் பிறழ்ந்ததால் ஐயத்தின் பலனாகக் கிடைக்கும் விடுதலை, பணியைத் தானாகத் திருப்பித் தந்துவிடாது என்பதைத் தமிழ்நாட்டுக் காவலர் ஒருவரின் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அவர்களுடைய வழக்கறிஞர், "நிரூபிக்கப்படவில்லை" என்பதோடு நிற்காமல், சாட்சியம் நம்பத்தகாதது என்ற கண்டறிதலைத் தீர்ப்பில் எழுதும்படி வாதிட வேண்டும். விடுதலை உத்தரவு கிடைத்தபின்னும் வேலை முடிந்துவிடுவதில்லை. அரசு உச்ச நீதிமன்றத்தை நாடலாம், உடுமலைப்பேட்டை வழக்கில் நாடியதும் உண்டு. அதற்காக, மேல் நீதிமன்றம் அழைத்தால் ஆஜராவதாக ஆறு மாதங்களுக்குச் செல்லும் பிணைமுறியைப் பெறும் ஏற்பாடு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 437ஏ பிரிவில் இருந்தது, புதிய சட்டத்திலும் தொடர்கிறது. பிணைதாரர்களின் ஆவணங்களைத் தீர்ப்பு நாளுக்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.